இளைஞர் இட்ட வேலி

பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களிலும், வாசிகசாலை ஆண்டு விழாக்களிலும், பழைய மாணவர் சங்கக் கூட்டங்களிலும் அண்மைக் காலமாக ஒரே குரல் ஒலித்து வருகின்றது. இளைஞர் கைத்தொலைபேசிக்குள் மூழ்கிப் போயினர், வாசிப்பு ஒழிந்தது, வீட்டில் நால்வர் இருந்தும் நால்வரும் நான்கு திசையில் இருக்கின்றனர் என்பது அக்குரலின் சாரம். இவ்வாறு கூறுவோர் பெரும்பாலும் பிள்ளைகளிடத்து மெய்யான அக்கறை கொண்டோர். அவர்தம் கவலையை எள்ளி நகையாடுவது என் நோக்கமன்று. எனினும் இக்கூற்று பாதி உண்மையே என்பதும், விடுபட்ட மற்றைப் பாதியில் முதியோராகிய நமக்குரிய பொறுப்பு மறைந்து கிடக்கின்றது என்பதும் என் கருத்து.

இளைஞர் எத்தனை மணி நேரம் திரையைப் பார்க்கின்றனர் என்று நாம் கணக்கெடுக்கின்றோம். அத்திரையிலே அவர்கள் என்ன செய்கின்றனர், எதனைச் செய்யாது விடுகின்றனர், எவருக்கு வழி திறந்து எவருக்கு அடைக்கின்றனர் என்பவற்றை நோக்குவார் அரியர். நோக்குவோமாயின் ஓர் உண்மை புலப்படும். தம்மை விழுங்க வந்ததொரு சாதனத்தை ஒருவாறு அடக்கி ஆளுதற்கு அவர்கள் தாமாகவே பல சிறு உபாயங்களை வகுத்துக்கொண்டுள்ளனர். அவற்றை நாம் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. அதுமட்டுமன்று, அவ்வுபாயங்களைப் பெரிதும் குலைப்பவர்களும் நாமே.

புதிய சாதனம் எதனைக் கண்டும் மூத்தோர் அஞ்சுதல் புதிதன்று. நாவல் வாசிக்கும் பெண் கெட்டழிவாள் என்று அஞ்சிய காலமொன்று இருந்தது. பின்னர் சினிமாவைக் கண்டு அஞ்சினோம். அதன்பின் வானொலியிலே திரையிசைப் பாடல் கேட்கும் மாணவனைக் கண்டு அஞ்சினோம். அவ்வச்சங்கள் பெரும்பாலும் காலத்தோடு கரைந்தன. ஆதலின் இன்றைய அச்சமும் வீணே என்று அமைந்துவிடலாமோ எனின், ஆகாது. நாவலுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. படக்காட்சி முடிந்ததும் கொட்டகையில் விளக்கெரியும். வானொலி நிலையம் இரவில் வணக்கம் கூறி விடைபெற்றது. சமூக ஊடகத்துக்கோ முடிவு என்பதே இல்லாதவாறு அதனை அமைத்துள்ளனர்.

இது தற்செயலாய் நேர்ந்ததன்று. 2006 ஆம் ஆண்டில் ஆசா றஸ்கின் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர், பக்கத்தின் அடியை அடையுமுன்னரே அடுத்த பக்கம் தானாக வந்து சேரும் முறையை ஆக்கினார். பிற்காலத்தில் அவரே அதன் விளைவு கண்டு வருந்தியதாகக் கூறினார். 2009 இல் முகநூல் விருப்பக் குறியை அறிமுகஞ் செய்தது. அன்று தொட்டு ஒருவன் கூறிய கருத்தின் பெறுமதி ஓர் எண்ணாக அவன் கண்முன்னே நிற்கலாயிற்று. 2014 நவம்பரில் வாட்ஸ்அப், செய்தி வாசிக்கப்பட்டதென்று அனுப்பியவருக்கு அறிவிக்கும் நீலக் குறியைக் கொணர்ந்தது. இம்மூன்றும் தொழில்நுட்ப நோக்கில் மிகச் சிறிய மாற்றங்கள். மனித உறவிலே அவை செய்த மாற்றம் சிறிதன்று. முதலாவது, நிறுத்தும் இடத்தை அழித்தது. இரண்டாவது, பாராட்டை எண்ணிக்கையாக்கியது. மூன்றாவது, மௌனத்தை அவமதிப்பாக்கியது.

இத்தகையதொரு பொறியின் முன்னே பதினாறு வயதுப் பிள்ளை தனித்து நிற்கின்றது. அது என்ன செய்கின்றது என்பதை இனி நோக்குவோம்.

மாணவர் பலரிடம் இரண்டு கணக்குகள் உள. ஒன்றிலே பெரியப்பா, சித்தி, ஆசிரியர், அயலவர் ஆகிய அனைவரும் நுழையலாம். பரிசு பெற்ற படமும், கோயில் திருவிழாப் படமும், பிறந்தநாள் வாழ்த்தும் அதிலே காணப்படும். மற்றையது பத்துப் பன்னிரண்டு நண்பர்க்கே உரியது. அங்கே சோதனையில் தவறிய துயரமும், வீட்டுச் சண்டையும், ஆசிரியரைப் பற்றிய பகடியும் இடம்பெறும். இன்ஸ்டகிராம் நிறுவனம் 2018 இல் நெருங்கிய நண்பர் என்றொரு தனிப் பட்டியலை அமைத்தபோது, இளைஞர் ஏற்கெனவே கையாண்டு வந்த வழக்கத்துக்கே அது வசதி செய்து கொடுத்தது எனலாம்.

இதனைக் கபடம் என்பார் உளர். கிடுகு வேலி கட்டி வாழ்ந்த யாழ்ப்பாணத்துச் சமூகம் இவ்வாறு கூறுதல் வியப்பே. தெருவிற் போவோர் பார்வைக்கு வேலி. உறவாடும் அயலவர் வந்து போதற்கு அவ்வேலியிலேயே ஒரு பொட்டு. வந்தவருட் சிலர் படலையோடு நிற்பர். சிலர் விறாந்தை வரை வருவர். உரிமையுள்ளோர் அடுக்களைக்குள்ளும் நுழைவர். இதனை நாம் ஒருபோதும் கபடம் என்றதில்லை, ஒழுங்கு என்றோம். மதில்கள் எழுந்து கிடுகு வேலி அருகிவிட்ட இந்நாளில், அவ்வொழுங்கை இளைஞர் தம் திரையிலே கட்டிக் கொள்கின்றனர். எவ்விடத்தில் வேலி, எவ்விடத்தில் பொட்டு என்று தீர்மானிக்கும் அறிவு அவர்கட்கு இருக்கின்றதே என்று நாம் மகிழ்தல் தகும்.

இஃது எம்மவர்க்கு மட்டும் உரிய வழக்கமன்று. அமெரிக்க இளைஞரிடையே பல்லாண்டு ஆய்வு நடத்திய டேனா பொயிட் என்னும் ஆய்வாளர் 2014 இல் வெளியிட்ட நூலில் இத்தகைய உபாயங்கள் பலவற்றை விவரித்துள்ளார். பெரியோர் உலாவும் பகற்பொழுதில் தன் முகநூற் கணக்கையே செயலிழக்கச் செய்து, இரவில் மட்டும் அதனை மீண்டும் திறந்தாள் ஒருத்தி. இன்னொருத்தி, உள்ளம் நொந்திருந்த வேளையில், மேற்போக்காக நோக்குவோர்க்கு மகிழ்ச்சிப் பாடலாய்த் தோன்றும் சில அடிகளைத் தன் பக்கத்தில் இட்டாள். தாய் அதனைக் கண்டு மகள் நலமாயுள்ளாள் என்று அமைந்தாள். அப்பாடல் எப்படத்தில் எச்சந்தர்ப்பத்தில் வருவது என்பதை அறிந்த தோழியரோ அவள் துயரை உணர்ந்தனர்.

தமிழ் கற்பிப்போர்க்கு இது புதுமையாய்த் தோன்றலாகாது. அகத்திணையிலே தலைமக்களைச் சுட்டிப் பெயர் கூறலாகாது என்று விதித்தது தொல்காப்பியம். கருப்பொருளை வருணிப்பது போலக் காட்டி உள்ளத்துப் பொருளை உரியவர்க்கு உணர்த்தும் உள்ளுறையையும் இறைச்சியையும் நாம் வகுப்பறையில் ஆண்டுதோறும் விளக்குகின்றோம். ஆனால் நம் மாணவி தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலே பெயர் குறியாது, ஒருவர்க்கு மட்டும் விளங்குமாறு ஒரு வரி இட்டால், என்ன பைத்தியக்காரத்தனம் என்கின்றோம். அவ்வரியை அகப்பாட்டோடு ஒப்பிட நான் வரவில்லை. பலர் பார்க்க நின்று ஒருவரோடு மட்டும் பேச வேண்டிய நெருக்கடி மனிதர்க்குப் பழையது, அதற்கு அவர்கள் காணும் வழியும் பழையது என்பதே நான் கூற வருவது.

இனி, வேறு சில உபாயங்களையும் கூறுவேன். செய்தியைத் திறவாமலே, திரையின் மேற்புறத்தில் வந்து விழும் அறிவித்தலில் அதனை வாசித்துவிட்டு, நேரம் வாய்க்கும்போது திறந்து பதிலெழுதுவோர் பலர். அதுவரை குறி நீலமாகாது. கடைசியாக எப்பொழுது வந்தார் என்று காட்டும் வசதியை நிறுத்தி வைப்போர் பலர். குழுக்களின் ஓசையை அடக்கி வைப்போர் அதனினும் பலர். உயர்தரப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் இன்ஸ்டகிராமையும் டிக்டொக்கையும் தாமாகவே அழித்துவிட்டு, பரீட்சை முடிந்த அன்று மீண்டும் ஏற்றிக்கொள்வோரை எனக்குத் தெரியும். தொலைபேசியைத் தாயிடம் ஒப்படைத்து, ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் மட்டும் கேட்டு வாங்குவோரும் உளர். மலையகத்துத் தோட்ட லயன்களிலும் வேறு வறிய வீடுகளிலும் ஒரே தொலைபேசியை உடன்பிறந்தார் மூவர் முறைவைத்துப் பயன்படுத்தும்போது, ஒருவர் செய்தியை மற்றவர் திறவாதிருக்கும் நாகரிகத்தையும் அவர்களே பழகிக்கொள்கின்றனர்.

இவையனைத்தும் சுயகட்டுப்பாடு அல்லவா? பெரிய விரதங்களை மட்டுமே கட்டுப்பாடு என எண்ணுவோர்க்கு இவை அற்பமாகத் தோன்றலாம். எனினும் தம் கவனத்தைப் பிடித்து வைப்பதற்கென்றே ஊதியம் பெறும் நிபுணர் பலரை எதிர்த்து ஒரு பிள்ளை வகுத்துக்கொண்ட ஒழுங்குகள் இவை என்பதை நினைவில் வைத்தல் வேண்டும்.

இவ்வொழுங்குகளைக் குலைப்பவர் யார் என்னும் வினாவுக்கு இப்பொழுது வருகின்றேன். 2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாக நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. வகுப்பறை வாட்ஸ்அப்புக்குள் புகுந்தது. அலை எட்டாத ஊர்களில் பிள்ளைகள் குன்றேறியும் மரமேறியும் பாடக் குறிப்புகளை இறக்கிக் கொண்டனர். தொலைபேசியைத் தொடாதே என்று கூறிவந்த நாமே அதனை வாங்கிக் கொடுத்து, எந்நேரமும் பார்த்துக்கொண்டிரு என்றோம். அன்று அதற்கு வேறு வழியில்லை. ஆசிரியர் பலர் தம் கைப்பணத்தில் டேட்டா வாங்கிக் கற்பித்த காலமது. பாடசாலைகள் திறந்தபின்னரும் குழுக்கள் மூடப்படவில்லை என்பதே என் முறைப்பாடு. இன்று பாடசாலைக்கு ஒரு குழு, டியூட்டரியில் பாடத்துக்கு ஒரு குழு, விளையாட்டுக்கு ஒரு குழு என மாணவன் ஒருவன் பத்துக் குழுக்களுக்குப் பதில் கூற வேண்டியவனாகின்றான். இரவு பத்தரைக்கு ஒப்படை பற்றிய அறிவித்தல் வருகின்றது. காலையில், பார்க்கவில்லையா என்று கேள்வி எழுகின்றது. பரீட்சைக்காக ஊடகத்தைத் துறக்க விரும்பும் மாணவன் பரீட்சைக் குறிப்புக்காகவே அதனுள் இருக்க வேண்டியதாகின்றது.

வீட்டின் நிலையும் இதுவே. நம் குடும்பங்கள் பல கண்டங்களில் சிதறிக் கிடப்பவை. ரொறன்ரோவில் மாலை எட்டு மணியாகும்போது இங்கே மறுநாள் விடிந்துகொண்டிருக்கும். இலண்டனில் இருப்பவர் இரவுணவு முடித்து அழைத்தால் இங்கே நள்ளிரவு கடந்திருக்கும். முன்னாளில் வெளிநாட்டிலிருந்து வந்த வான்கடிதத்தை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டிப் பதிலும் எழுதிக் கொடுத்த பேரப்பிள்ளையின் பணி இன்று தொலைபேசிக்கு மாறியிருக்கின்றது. காணொளி அழைப்பில் முகம் தெரியுமாறு பிடித்துக்கொள்வதும், தேர்த் திருவிழாவைப் படம்பிடித்து மாமாவுக்கு அனுப்புவதும், மருந்துச் சிட்டையைப் படமெடுத்துக் கனடாவிலுள்ள சித்திக்குக் காட்டுவதும் அப்பிள்ளையே. இந்த நேரமெல்லாம் திரைமுன் கழித்த நேரம் என்னும் கணக்கிலேயே சேருகின்றது. பிள்ளை வீணாக்கிய மணிகளை எண்ணும் பெற்றார், அவற்றுள் எத்தனை நமக்காகச் செலவாயின என்று ஒருமுறை பிரித்துப் பார்த்தல் நன்று.

இளைஞரின் உபாயங்கள் எல்லாம் போதுமானவை என்று நான் வாதிடேன். அவை முறியும் இடங்கள் உள. வேலிக்குள்ளே பகிர்ந்த படத்தை, நண்பர் என நம்பப்பட்ட ஒருவரே ஸ்கிரீன்ஷொட் எடுத்து வெளியே விட்டால், அதனைத் தடுக்கும் உபாயம் எப்பிள்ளையிடமும் இல்லை. உயர்தர வகுப்பில் எனக்குத் தெரிந்த மாணவி ஒருத்திக்கு இது நேர்ந்தது. தோழியரோடு சிரித்து ஆடிய சிறு காணொளி. குற்றம் எதுவும் அதில் இல்லை. அது கைமாறி, உறவினர் குழுவொன்றை அடைந்தது. அவளுடைய தொலைபேசி பறிக்கப்பட்டது. டியூட்டரி சில வாரங்கள் நின்றது. காணொளியைப் பரப்பியவனை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவ்வாறான இடங்களில் ஆண்பிள்ளைக்கு ஒரு நீதி, பெண்பிள்ளைக்கு வேறொரு நீதி என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அச்சம்பவத்திலிருந்து அவளுடைய வகுப்பார் கற்ற பாடம் யாது? ஆபத்து நேர்ந்தால் வீட்டிலே கூறலாகாது என்பதே. மிரட்டல் வந்தால், படத்தைக் காட்டிப் பணம் கேட்டால், முன்பின் அறியாதவன் தொடர்ந்து வந்தால், முதலில் அறிய வேண்டியவர் பெற்றாரும் ஆசிரியருமே. கூறிய அன்றே தொலைபேசி பறிபோகும் என்றால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் இலக்கத்தைப் பாடசாலைச் சுவர்களில் எழுதி வைக்கலாம். ஆயினும் அந்த இலக்கத்தை அழைக்கும் துணிவு, வீட்டில் ஒருவரேனும் அமைதியாகக் கேட்பார் என்னும் நம்பிக்கையிலிருந்தே பிறக்கும்.

தடைவிதித்தால் தீர்ந்துவிடும் என்பாரும் உளர். தடையின் அனுபவம் நம் நாட்டுக்கு உண்டு. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்கள்மீது வன்செயல் நிகழ்ந்தபோது முகநூல், வாட்ஸ்அப் முதலியவை ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி மக்கள் எழுச்சியின்போதும் மீண்டும் முடக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் இளைஞர் வி.பி.என். என்னும் குறுக்கு வழியால் உள்ளே சென்றனர்; பெற்றாருக்கும் அவ்வழியைக் காட்டிக் கொடுத்தனர். வெறுப்புப் பேச்சைப் பரவவிட்ட நிறுவனமோ, 2018 இன் வன்செயலில் தன் தளம் தவறாகப் பயன்பட்டமைக்கு 2020 மே மாதத்திலேயே மன்னிப்புக் கோரியது. அவுஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல், பதினாறு வயதுக்குட்பட்டோர் பெரிய சமூக ஊடகத் தளங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்துள்ளது. அச்சட்டம் தண்டப்பணத்தைப் பிள்ளைமீதோ பெற்றார்மீதோ சுமத்தாது நிறுவனங்கள்மீதே சுமத்துகின்றது. அம்மட்டில் அது நேர்மையானது. அதன் பயனைக் காலமே காட்டும். எனினும் பதினாறாவது பிறந்தநாளன்று கணக்குத் திறக்கும் பிள்ளைக்கு, எப்பொழுது பேசுவது, எப்பொழுது பேசாதிருப்பது என்பதை எந்தச் சட்டமும் கற்பிக்க இயலாது.

ஆதலின் நம்மால் இயன்றவை சிலவற்றைக் கூறி அமைவேன். ஆசிரியர் மாலை ஏழு மணிக்குப் பின்னர் மாணவர் குழுவுக்கு எதனையும் அனுப்பாதிருக்கலாம்; அவசரமானதை மறுநாட்காலை வகுப்பிலே கூறலாம். பெற்றார், பிள்ளை ஆபத்தொன்றைக் கூறும்போது தொலைபேசியை நோக்கிக் கை நீட்டாது முதலில் காது கொடுக்கலாம். பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றையும் சாமத்தியச் சடங்குப் படத்தையும் உலகமறிய இடுமுன்னர், இடலாமா என்று அப்பிள்ளையையே கேட்கலாம். தம் வேலியை நாம் மதிப்பதைக் கண்ட பிள்ளைகள் பிறர் வேலியையும் மதிக்கக் கற்பர்.

தமிழாசிரியர்க்குத் தனியே ஒன்று கூறுவேன். அகப்பாட்டொன்றை எடுத்தால், இது யார் கூற்று என்பதே நம் முதற் கேள்வி. தலைவி கூற்றா, தோழி கூற்றா, செவிலி கூற்றா. எவரை நோக்கி, எச்சூழலில் கூறியது என்று தெளிந்த பின்னரே பொருள் காண்கின்றோம். குழுக்களிலே போர்வேட் ஆகி வரும் செய்தியொன்றையும் வகுப்பறையில் எடுத்து இதே கேள்வியைக் கேட்டால் என்ன? வாட்ஸ்அப் நிறுவனம் 2019 ஜனவரியில், ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து இடங்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதவாறு உலகெங்கும் வரம்பிட்டது. யார் கூற்று என்று கேட்கப் பழகிய மாணவன், பொய்ச்செய்தியை ஓரிடத்துக்குத்தானும் அனுப்பான். நம்மிடம் உள்ள பழைய கல்வி இப்புதிய தேவைக்கு உதவாதென்று யார் சொன்னார்?

இவற்றினும் அரியது ஒன்று உண்டு. பதில் வராமையைப் பொறுத்துக்கொள்ள நாம் பழக வேண்டும். இன்றைய இளைஞர் கைக்கொள்ளும் உபாயங்களை ஆராய்ந்தால், அவற்றுட் பெரும்பாலானவை உடனே பதில் கூறாதிருக்கும் சிறிது நேரத்தைக் களவாகப் பெறுதற்கே அமைந்துள்ளமை தெரியவரும். படிப்பதற்கும், உறங்குவதற்கும், ஒன்றைப் பற்றித் தனியே சிந்திப்பதற்கும் வேண்டிய அந்நேரத்தை அவர்கள் களவாகப் பெற வேண்டியிருப்பது நமக்குப் பெருமையன்று. செய்தியை வாசித்துவிட்டு ஓர் இரவு மௌனமாயிருந்த பிள்ளை நம்மை அவமதிக்கவில்லை. அம்மௌனத்தை உரிமையாகவே கொடுத்துவிடுவோமாயின், அதற்காக அவர்கள் வீணே செலவிடும் சாதுரியம் மிச்சமாகும். அச்சாதுரியம் வேறு நற்பணிகளுக்கு வேண்டியிருக்கின்றது.